சுருல்

செத்துப்போன உனக்கு,

உன் தங்கை நேற்று என் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தாள். கையில் உன் கல்லூரி ரெக்கார்டு நோட்டு. பிரித்ததும் குப்பென்று பாச்சை உருண்டை நாற்றம். "எங்கக்கா உங்களைத்தான் உயிர்த்தோழின்னு சொல்லும். நீங்களே வச்சிக்கோங்க" என்றாள். உயிர்த்தோழியாம்! அழுகிற பெண்ணிடம் என்னத்தைச் சொல்ல? வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவள் போனதும் புரட்டினேன். பாக்டீரியா தன் குரோமோசோமை நகலெடுத்துப் பிரிப்பதைப் பற்றி நான் எழுதியதெல்லாம் வரி பிசகாமல் இருந்தது. தன்னைவிட ஆயிரம் மடங்கு நீளமான வளையத்தை முறுக்கி மடித்து உள்ளே வைத்திருக்கும். ஓரிடத்தில் தொடங்கி இரண்டு பக்கமாகவும் நகலெடுக்கும். முடியும்வரை காத்திருக்காது, எடுத்த மட்டும் இரு கோடிக்கும் நகர்த்திக்கொண்டே போகும். கூடவே என் பிழையும் இருந்தது. சுருள் என்பதற்குச் 'சுருல்'. ஐந்து இடத்தில்.

அவலூர்பேட்டை பஸ்ஸில் "குடுடி, நாளைக்கே தந்துர்றேன். இன்னா, நம்ப மாட்டியா?" என்று என் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாய். மறுநாள் நான் வைப்பதற்கு முன்னாலேயே உன்னுடையதை மேடம் மேசையில் கொண்டுபோய் வைத்தாய். இரண்டிலும் ஒரே பிழையைப் பார்த்த மேடம், "யாரைப் பாத்து யார் எழுதினது?" என்று கேட்டார். "நான் மொதல்லயே வச்சிட்டேன் மேடம்" என்றாய். அது பொய்கூட இல்லை, அடிப்பாவி! மேடம் அனுப்பிய புதுச்சேரிக் கருத்தரங்குக்கு நீ போனாய், மேல்படிப்புக்கும் போனாய். எனக்குக் காப்பி அடித்தவள் என்ற பேர் மிஞ்சியது.

நான் தொண்டூரில் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கி வளர்ந்தவள். எனக்கு ல, ள, ழ எல்லாம் ஒன்று. உன் நைனாவோ தமிழ் வாத்தியார். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ளகரம் தப்புமா? ஒருத்தரும் யோசிக்கவில்லை.

நகல் ஒவ்வொன்றிலும் பழைய இழை ஒன்று இருந்தே தீரும் என்று நான் எழுதியதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறாய். உன் நோட்டில் இருந்த பழைய இழை அந்தச் சுருல்தான்.

சாவுக்கு வந்தேன், அழவில்லை. ஒரு தடவை வந்து, "நான்தாண்டி பாத்து எழுதினேன்" என்று சொல்லியிருக்கலாம். இருபது வருஷம் இருந்ததே உனக்கு!

சரியான எழுத்து இப்போது எனக்குத் தெரியும். மகள் பாடம் கேட்டால் சரியாகத்தான் சொல்லித் தருகிறேன். எனக்கென்று எழுதும்போது மட்டும் சுருல் என்றே எழுதுகிறேன். அது என்னுடையது. உனக்கு விட்டுத்தர மாட்டேன்.