வெள்ளிக் கேபிள்

மார்ச் 4

வயலின் டீச்சர் ஒருவருக்கு இன்று வெள்ளிக் கேபிள் பொருத்திக் கொடுத்தேன். அவருடைய இயர்போன் உயர்ந்த ரகம். ஆனால் கூடவே வந்த செம்புக் கேபிளில் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாக இருந்தது. வெள்ளியை மாட்டியதும் வில் கம்பியில் உரசுவதுகூடக் கேட்டது. அவர் கேட்டுவிட்டுத் தயங்கினார். "பாட்டு ஓட ஓடச் சரியாயிடும், காதும் பழகிடும்" என்றேன். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று வாங்கிப் போனார்.

எந்த இயர்போனுக்கு எந்தக் கேபிள் என்று என்னிடம் கேட்கத்தான் இந்தக் கடைக்கே வருகிறார்கள். முதலாளி என்னைக் கூப்பிடுவதே 'காதுக்காரரே' என்றுதான்.

மார்ச் 19

டிரம்ஸ் வாசிப்பவர் வெள்ளிக் கேபிளைத் திருப்பிக் கொண்டுவந்தார். "காதைக் குத்துதுங்க." அடித்து அடித்து உன் காது போயிருக்கும் என்று மனதுக்குள் திட்டினேன்.

மார்ச் 27

இன்னொருவர். அதே வெள்ளி, அதே புகார். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

இப்போது வருகிற செம்பெல்லாம் மந்தம். நான் என்ன செய்ய? தரத்தைக் குறைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 2

சின்னவளுக்குக் காய்ச்சல். அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு 'பீப்' அடிப்பதற்காகக் காத்திருந்தேன். அடிக்கவே இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். மனைவி சமையலறையிலிருந்து வந்து, "அது எப்பவோ அடிச்சிடுச்சே, இன்னும் ஏன் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" என்றாள்.

"அப்பா சும்மா விளையாடுறார்னு நினைச்சேன்" என்றாள் சின்னவள்.

சமையலறைக்குக் கேட்டிருக்கிறது. பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்கவில்லை. கேட்கவே இல்லையே.

ஏப்ரல் 3

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் சொந்தக் கேபிளைப் பற்றி ஆறு வருஷத்துக்கு முன் எழுதியது: 'செம்பு. மேல் சுரங்கள் பளிச். இதற்கு மேல் வேண்டாம்.' அதே கேபிளை அதே இயர்போனில் மாட்டி இன்று கேட்டேன்.

போர்வை.

ஆக, என் காதில் குறைந்ததையெல்லாம் அடுத்தவர் காதில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். எத்தனை பேருக்கு? கடைக்குப் போகவே பயமாக இருக்கிறது. இந்தக் காதை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்?

ஏப்ரல் 5

தலைவலி என்று லீவு போட்டேன். பொய்.

ஏப்ரல் 8

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பில் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "வாங்கிட்டுப் போனவங்களுக்கெல்லாம் போன் போட்டு வரச் சொல்லுங்க. மத்ததை அப்புறம் பாப்போம்." காதுக்காரரே என்று கூப்பிடவில்லை.

ஏப்ரல் 9

வயலின் டீச்சர்தான் முதலில் வந்தார். பழைய செம்புக் கேபிளை மாட்டிக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார், முகம் தெளிந்தது.

"முதல் நாளே குத்துச்சு சார். ஆனா நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களா, கோளாறு என் காதுலதான்னு பயந்துட்டேன். டாக்டர்கிட்ட போய்க்கூடக் காட்டினேன். ரெண்டு காதும் நல்லா இருக்காம்."

மன்னிப்புக் கேட்டேன். பிறகு அந்த டாக்டரின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.