செம்பூர்க் கடையின் பின்ஜன்னல்

என்னைத் தோளில் வைத்து ரயிலேறிய அய்யாவுக்கு,

நீங்கள் என்னிடம் பொய் சொன்னீர்கள். ஒரு தடவை அல்ல. ஞாயிற்றுக்கிழமைதோறும், நான்கைந்து வருடம், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "உள்ள ஒரே புழுக்கம்டே. இங்கன காத்து எப்படி வருது பாத்தியா?" நானும் நம்பினேன். காற்று வராத நாளிலும் நம்பினேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. செத்தவரைக் குறைசொல்லி எழுதாதே என்கிறாள் அம்மா. இருந்தபோதே உங்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, இப்போதா படிக்கப்போகிறீர்கள்? அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். மற்றவர்கள் படிக்கட்டும். செம்பூர்ச் சாப்பாட்டுக் கடைக்காரரும் படிக்கட்டும். அவர் கடையில் தமிழ்ப் பத்திரிகை வாங்கிப் போடுகிறார், போன வாரம்தான் பார்த்தேன்.

முதலில் வீட்டுச் சேதி. விக்ரோலி ஃபேக்டரியில் என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். தாராவியை விட்டு விக்ரோலிக்கே குடிவந்துவிட்டோம். அம்மாவும் எங்களோடுதான். பக்கத்து மராட்டிக்காரியோடு மொழி தெரியாமலே தினமும் சண்டை போடுகிறாள், சாயங்காலம் அவளிடமே கொத்தமல்லி வாங்கிக்கொள்கிறாள். வள்ளிக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். ரயிலில் போக வேண்டும், எங்காவது இறங்கிச் சாப்பிட வேண்டும். உங்களிடமிருந்து எனக்குத் தொற்றியது, என்னிடமிருந்து அவளுக்கு.

பெரிய ஓட்டலுக்கெல்லாம் போவதில்லை. வீட்டு ஆட்களே சமைத்து வீட்டு ஆட்களே பரிமாறுகிற சின்னக் கடைகள்தான். பிள்ளையோடு போகிறவனுக்கு அதுதான் தோது. கீழே சிந்தினால் அதட்ட மாட்டார்கள். குர்லா ஸ்டேஷனுக்கு எதிரே ஓர் இரானிக் கடை இருக்கிறது. கிழவர் கல்லாவில், மகன் டீ அடுப்பில். வள்ளி பன்னை டீயில் முக்கிப் பாதியை மேசையில் கரைத்துவிட்டாலும், போகும்போது அந்தக் கிழவர் ஜாடியிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுப்பார். இத்தனை நாளில் அவர் எங்களைக் கேட்ட ஒரே கேள்வி, டீக்குச் சர்க்கரை போதுமா என்பதுதான்.

மாதுங்காவில் ஒரு பாலக்காட்டு மாமி, மாடி வீட்டுக் கூடத்திலேயே இலை போடுகிறார். வள்ளிக்கென்று காரம் போடாத கூட்டை எடுத்துவைத்திருப்பார். இரண்டாவது தடவை போனபோது எந்த ஊர் என்று கேட்டார். திருநெல்வேலி என்றேன். "அல்வா ஊரா!" என்று சிரித்துவிட்டு ரசம் ஊற்றப் போய்விட்டார். நம் பக்கத்தில் அடுத்த கேள்வியை எப்படிக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. நம் ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். "ஊர்ல எந்தத் தெரு?" தெருப் பெயரைச் சொன்னால் போதும், நாம் யார், எங்கே உட்கார வேண்டும் எல்லாம் முடிவாகிவிடும்.

இவ்வளவு பெரிய பம்பாயில் உங்கள் தெரு எது என்று தெரியாத கடைகள் ஆயிரம் இருந்தன, அய்யா. அந்த இரானிக் கடை வாசலைத் தாண்டித்தான் நாம் ஒவ்வொரு வாரமும் வண்டி மாறினோம். நான் உள்ளே கைகாட்டுவேன். "அது நமக்கு ஒத்துக்காது" என்று இழுத்துக்கொண்டு போவீர்கள். உங்களுக்கு நம் ஊர்ப் பக்குவத்தில் அரைத்த துவையல் வேண்டும். பரிமாறுகிறவர் நம் ஊர்ப் பேச்சுப் பேச வேண்டும். அதற்காக, உங்களைத் தெரிந்துகொண்ட ஒரே கடையைத் தேடித் தேடிப் போனீர்கள். இதை எப்படி மன்னிப்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. வாரம் முழுவதும் தோல் கிடங்கில் வேலை, இரவில் பக்கத்து வீட்டு வெளிச்சத்தில் செருப்புத் தைப்பீர்கள், ஞாயிற்றுக்கிழமை அதைச் செம்பூரில் ஒரு செருப்புக் கடையில் கொண்டுபோய்ப் போடுவோம். போட்ட கையோடு சாப்பாட்டுக் கடை. முன்பக்கம் போக மாட்டோம். பக்கத்துச் சந்தில் நுழைந்தால் பின்னால் ஒரு பாதாம் மரம், அதன் அடியில் துணி துவைக்கிற கல், எதிரே அடுப்படி ஜன்னல். கடைக்காரர் மனைவி, எல்லோரும் ஆச்சி என்று கூப்பிடும் அந்த அம்மாள், கம்பி வழியாக இலையில் சுருட்டிய தோசையைத் தருவார். தண்ணீர் கேட்டால் சொம்பை வெளியே நீட்டி உயரத்திலிருந்து ஊற்றுவார். நாம் கையைக் குவித்துக் குடிப்போம். முழங்கை வழியே ஒழுகும். எனக்கு அது விளையாட்டு.

"உள்ள இருக்கவனுக்கெல்லாம் ஆறிப்போய்த்தான் போகும். நமக்குத்தான் கல்லுல இருந்து நேரா வருது" என்பீர்கள். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்தேன். எங்களுக்குச் செம்பூரில் தனி ஜன்னல் இருக்கிறது என்று. என்னோடு படித்தவர்களும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அத்தனை பேரும் நம் தெருவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள்.

அந்தப் பொய்யை என்னோடு நிறுத்தியிருக்கலாம். கடைசி மாதங்களில், இருமல் விட்ட நேரத்தில், வள்ளியைக் கட்டிலில் உட்காரவைத்து அதே கதையைச் சொன்னீர்கள். பாதாம் மரம், ஜன்னல், முறுகல் தோசை. கையை எப்படிக் குவித்தால் தண்ணீர் சிந்தாது என்று செய்துகூடக் காட்டினீர்கள். அடுப்படியில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் எனக்கு உண்மை தெரிந்திருந்தது. சாகப்போகிறவரின் கதையில் போய் எதற்குக் கைவைக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு.

போன ஞாயிறு அவளைச் செம்பூருக்குக் கூட்டிப் போனேன். முன்வாசல் வழியாக. பேன்ட் போட்டு, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. "வாங்க, உக்காருங்க. பிள்ளைக்கு என்ன வேணும்?" என்றார். ஆறு மேசை, மேலே ஒரு ஃபேன். உட்கார்ந்தோம். இவ்வளவுதானா, இத்தனை சுலபமா என்று இருந்தது எனக்கு.

அப்போதுதான் ஆச்சி அடுப்படி நிலைப்படிக்கு வந்தார். என்னையே பார்த்தார். நான் உங்கள் ஜாடை, அய்யா, அதற்கு நான் என்ன செய்ய?

"ஏய்யா, நீ செருப்புக்கார மாடசாமி மவன்லா?"

ஆமாம் என்றேன். நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு இல்லை, உண்மையாகவே அழுதார். நம் வீட்டுத் துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள்கூட அவ்வளவு அழவில்லை. அழுதுகொண்டே சொன்னார்: "பின்னால வாய்யா. உங்க அய்யாவுக்கு முறுவலா இருக்கணும். அதே மாரி போட்டுத் தாரேன்."

கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன். அன்பாகச் சொன்னார். நான் வாய் திறப்பதற்குள் வள்ளி பெஞ்சிலிருந்து குதித்துவிட்டாள். "தாத்தா ஜன்னல்!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். சந்து எந்தப் பக்கம் என்று அவளுக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. நீங்கள்தான் சொல்லிவைத்திருந்தீர்களே.

பின்னால் ஓடிப் போய்ப் பார்த்தால், கல் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னலைப் பார்த்து இரண்டு கையையும் குவித்து நீட்டியிருக்கிறாள். ஐந்து வயது. விரல் இடுக்கெல்லாம் சரியாக மூடியிருந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு திரும்ப முன்வாசல் வழியே வந்தேன். கைகாலை உதறி அழுதாள். பக்கத்து மேசைக்காரர் ஒருவர், "பிள்ளைக்கே காத்து வேணும்ங்கு. வுடுமே" என்று சிரித்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. கல்லாவைப் பார்த்து, என் பிள்ளை உள்ளேதான் சாப்பிடும் என்றேன்.

கடைக்காரருக்கு இப்போது என்னைத் தெரிந்துவிட்டது. 'நீங்க' போய்விட்டது.

"யாருடே வேண்டாம்னா? உங்க அய்யாவ நான் ஒரு நாளும் வெளிய போன்னு சொன்னதில்ல. வந்த மொத நாளே அவராத்தான் சொன்னாரு. மேல தோல் வாட அடிக்கி, சாப்பிடுதவுக மூஞ்சியச் சுளிப்பாக, நான் பின்னால இருந்துக்கிடுதேம்னாரு. மருவாத தெரிஞ்ச மனுசன்."

"ஞாயித்துக்கிழம ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுத்தான் வருவாரு. நான் கூட வந்தவன்."

"அவரு சொன்னதச் சொல்லுதேன்."

"அன்னைக்கு எந்தத் தெருன்னு கேட்டியளா?"

"ஊர்க்காரன்னா கேக்க மாட்டனா?"

அவ்வளவுதான் பேச்சு. அவர் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டார். தோசை வந்தது. ஆச்சியே கொண்டுவந்து வைத்தார், என் முகத்தைப் பார்க்காமல். நான் ஏதோ அவரை அடித்துவிட்ட மாதிரி இருந்தது அவர் போன விதம். தோசை நன்றாக இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் நானும் பொய்யன்தான். ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று, எள்ளுத் துவையலோடு, நீங்கள் ஏன் அங்கே போனீர்கள் என்பது நாக்குக்குத் தெரிந்தது. கோபத்தோடு இரண்டு தோசை தின்றேன்.

வள்ளி பாதி தின்றாள். தண்ணீர் டம்ளர் முன்னாலேயே இருந்தது. அதை எடுக்காமல் மேசை மேல் கையைக் குவித்து, "ஊத்துப்பா" என்றாள். டம்ளரை எடுத்துக் குடி என்று அதட்டினேன். அங்கே இருந்தவர்களில் அவளை அதட்டியவன் நான் ஒருவன்தான்.

திரும்பி வரும்போது வண்டியில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். குர்லா வருவதற்குள் கேட்டாள். "தாத்தா ஏன் உள்ள உக்காரல?"

தொழிற்சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசத் தெரிந்தவன் நான். பேசியும் இருக்கிறேன், கை தட்டியிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "உள்ள புழுக்கமா இருக்கும்லா, அதான்."

"ஃபேன் ஓடிச்சே" என்றாள்.

என்னைவிட அவள் கெட்டிக்காரி. நான் ஐந்து வயதில் ஃபேனைப் பற்றிக் கேட்கவில்லை. அப்போது அங்கே ஃபேன் இருந்ததா, அய்யா? இருந்திருந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த அறையின் உள்பக்கத்தைப் பார்த்ததே போன ஞாயிற்றுக்கிழமைதானே.

ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை. மிஷினில் நிற்கும்போதும் அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. கடைக்காரர் சொன்னது பொய் என்றால், அவர்மேல் கோபப்பட்டு முடித்துக்கொள்வேன். அது சுலபம். உண்மை என்றால்? அவர் தெருவைக் கேட்டு, நீங்கள் பதில் சொல்லி, அவர் முகம் மாறுவதைப் பார்த்து, அவர் சொல்வதற்குள் நீங்களே முந்திக்கொண்டீர்களா? யாரும் தள்ளாதபோதே எழுந்து போவதில் ஒரு கௌரவம் இருப்பதாக நினைத்தீர்களா? இல்லாத நாற்றத்தை உங்கள் மேல் நீங்களே பூசிக்கொண்டீர்களா? அம்மாவிடம் கேட்டேன். "சோறு எங்க தின்னா என்னல, வயிறு ரொம்புச்சா இல்லியா?" என்றாள். அவளுக்கும் தெரியும் போலிருக்கிறது. நீங்கள் எல்லோரும் சேர்ந்துதான் மறைத்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். வருகிற ஞாயிறு வள்ளியை மறுபடி செம்பூருக்குக் கூட்டிப்போவேன். முன்வாசல் வழியாக. அதே மேசை. யாராவது எந்தத் தெரு என்று கேட்டால் தெருப் பெயரைக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்வேன். வள்ளிக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அவளும் சொல்வாள். அவள் டம்ளரில்தான் தண்ணீர் குடிப்பாள். நீங்கள் குவிக்கக் கற்றுக்கொடுத்த கையை நான் பிரித்துவிடுவேன்.

ஆனால் போகிற வழியில் அவள் மறுபடி கேட்பாள். விடமாட்டாள். இந்தத் தடவை பொய் சொல்ல மாட்டேன். எந்த உண்மையைச் சொல்வது? தாத்தாவை வெளியே அனுப்பினார்கள் என்றா, தாத்தாவே போனார் என்றா? இரண்டும் ஒன்றல்ல. முதலாவதைச் சொன்னால் அவள் அந்தக் கடைக்காரரை வெறுப்பாள். இரண்டாவதைச் சொன்னால் யாரை வெறுப்பாள்?

அதனால் கேட்கிறேன். இத்தனை வருடம் காற்று வருகிறது என்று சொன்ன வாயால் ஒரே ஒரு பதில் சொல்லுங்கள். அன்றைக்கு முதலில் வாயைத் திறந்தது அவரா, நீங்களா? சொல்லுங்கள், அய்யா.

கல்லின் மறுபாதியில் உட்கார்ந்து தின்ற
உங்கள் மகன்,
வள்ளியின் அப்பன்