நோனிச் சாறு

வியாழன், இரவு

இன்று ஹட் பேயிலிருந்து தீவுக் கப்பல் வந்தது. அங்கே வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் டிக்கெட் கிடைக்காததால் வரவில்லை. டிக்கெட் கிடைத்த யாரிடமோ ஒரு பாட்டில் நோனிப் பழச் சாறு கொடுத்தனுப்பியிருக்கிறார்.

சாயங்காலம் அந்த ஊர்க் கப்பல் ஜெட்டியிலிருந்து போனில் கூப்பிட்டார். அங்கே போனால்தான் அவருக்கு சிக்னல் கிடைக்கும்.

"போனைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்காதே. ரேடியேஷன் மூளை, இதயம் எல்லாத்தையும் கெடுக்குமாம். நோனியில ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கு, தினமும் குடி."

"நீங்க எப்ப வர்றீங்க?" என்று கேட்டேன். அதற்குள் லைன் போய்விட்டது.

சாறு ஊசிப்போன சோறு மாதிரி நாறுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தம்ளர் குடித்தேன். அவர் சொன்னதில் பாதியைக் கேட்டாயிற்று.

போன் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. தூக்கம் வராமல் அவர் ஜெட்டிக்கு நடந்து போய்க் கூப்பிட்டால், முதல் மணியிலேயே எடுக்க வேண்டும்.