தானாகத் தாவும் கட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்ததா?

ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவுக்கு நான் கம்ப்யூட்டரில் படிவம் அமைப்பதைச் சொல்லியிருந்தேனே, படமே இல்லாத அந்தக் கருப்புத் திரை. எடைக்கு ஒரு கட்டம், எத்தனை மாத்திரை என்பதற்கு அடுத்த கட்டம். ஒன்று நிரம்பியதும் அடுத்ததற்குத் தானாகத் தாவும்படி வைத்திருந்தேன். வேலை சீக்கிரம் முடியுமே என்றுதான்.

நேற்று ஒரு வேடிக்கை. மருந்து கொடுக்கும் அக்கா நோயாளியின் எடையை 104 என்று அடித்தார். என் எடைக் கட்டத்தில் இரண்டு எண்தான் பிடிக்கும். பத்து அங்கேயே நின்றது, நான்கு தாவிப் போய் மாத்திரைக் கட்டத்தில் உட்கார்ந்தது.

"ஏம்மா, ஒண்ணு குடுக்க வேண்டியவருக்கு நாலு குடுக்கச் சொல்லுது உன் பொட்டி! ஆளையே முடிச்சிடுவ போலிருக்கே!"

அக்கா இப்படிச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உடனே எடைக் கட்டத்தைப் பெரிதாக்கி, தாவலையும் நிறுத்திவிட்டேன். ஆனால் நாளை எல்லா வார்டுக்கும் இந்தத் திரைதான் போகிறது. வேறெந்தக் கட்டத்தில் என்ன தப்பு விட்டிருக்கிறேனோ, சோறு இறங்கவில்லை.

என் பழைய போர்வையை அனுப்ப முடியுமா? போனில் பேசும்போது விஷயம் தீர்ந்தாலும் உடனே வைத்துவிடாதீர்கள்.

நான் ஏற வேண்டிய பஸ் வந்துவிட்டது. ஒன்று மட்டும், அப்பா. அம்மாவுக்கு மாத்திரை வாங்கும்போது கடைக்காரரைச் சீட்டை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, எண்ணி வாங்குங்கள். அவர் முன்னாலும் ஒரு திரை இருக்கும். அதையும் என்னைப் போல ஒருத்திதான் செய்திருப்பாள்.

உங்கள் பாப்பா