மேற்குச் சுவரில் மூன்று வெள்ளைத் திட்டுகள்

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். செவ்வாய்க் கிரகப் படக் குழுவில் நீங்கள் போட்ட பனோரமாவைப் பார்த்தேன். அங்கே ஊர்ந்து திரியும் ரோவர் வண்டி எடுத்த நாற்பது படங்களை ஒட்டி, அந்தப் பெரும்பள்ளத்தின் மேற்குச் சுவரை ஒரே காட்சியாக்கியிருக்கிறீர்கள். என் டீ ஆறி ஏடு கட்டிவிட்டது, கண்ணை எடுக்க முடியவில்லை.

ஒரு சின்ன விஷயம். இடது ஓரத்தில் தலையணை மாதிரி ஒரு கல் இருக்கிறதே, அதே கல் கொஞ்சம் தள்ளி மறுபடியும் இருக்கிறது. ஒட்டும்போது பிசகியிருக்க வேண்டும். நாலு பேர் நடுவில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் குழு நடத்துபவரிடம் உங்கள் முகவரி வாங்கினேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான். குறை தேடுவது தொழில் புத்தி. தப்பாக நினைக்காதீர்கள்.

இப்படிக்கு,
எக்ஸ்ரே அறையிலிருந்து


பிப்ரவரி 15

எக்ஸ்ரே தங்கச்சிக்கு,

எனக்கு ஐம்பத்தெட்டு. நீங்கள் மூத்தவர் என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

படித்ததும் சுருக்கென்றது. முப்பது வருஷமாக நிலம் அளக்கிற சர்வேயர் நான். ஒரு எல்லைக்கல்லை இரண்டு தடவை எண்ணியதே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான் சரி. தனியாக உட்கார்ந்து அசடு வழியச் சிரித்தேன். மகள் எட்டிப் பார்த்து, "என்னப்பா, செவ்வாய்ல யாராச்சும் ஜோக் அடிச்சாங்களா?" என்றாள். டவுன் பஸ் ஓட்டுகிறாள். அவள் அம்மா இறந்த நாளிலிருந்து அப்பா வீட்டைக் காலி செய்துவிட்டுச் செவ்வாய்க்கே குடிபோய்விட்டார் என்பது அவள் குறை.

திருத்திய படத்தை அச்சடித்து இதோடு வைத்திருக்கிறேன். சிவப்புப் பென்சிலைத் தாராளமாகப் போடுங்கள். சுவரின் நடுவில் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் மூன்று வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன, கவனித்தீர்களா? உப்புப் படிந்த இடமாக இருக்குமோ? ஒரு காலத்தில் அங்கே ஊற்று கசிந்திருக்குமோ?

அன்புடன்,
சர்வேயர்


மார்ச் 2

சர்வேயர் அண்ணாவுக்கு,

நான் இளையவள்தான், பயப்பட வேண்டாம்.

சாப்பாட்டு வேளையில் உங்கள் படத்தை எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் மாட்டினேன். உள்ளே வந்த டாக்டர், "இது யாரோட நுரையீரல்? ரொம்ப மோசமா இருக்கே!" என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

மூன்று திட்டுகளையும் பார்த்தேன். புல்லரித்தது. ஊற்றென்றால் ஏன் வரிசையாக? கீழே வழிந்த தடம் ஏன் இல்லை? இரண்டு நாளாக இதே நினைப்பு.

தங்கச்சி


மார்ச் 12

அன்புத் தங்கச்சிக்கு,

ஒரு நல்ல செய்தி. ஏப்ரல் ஆறாம் தேதி அறிவியல் மையத்தில் நம்மைப் போன்ற ஆர்வலர்கள் கூடுகிறார்கள். 'மேற்குச் சுவரின் மூன்று ஊற்றுகள்' என்று நான் பத்து நிமிடம் பேசப் போகிறேன். மகள் டியூட்டி முடிந்து நேரே வருவதாகச் சொல்லிவிட்டாள். என் படத்தைப் பார்க்க அவளாக வருவது இதுதான் முதல் தடவை.

அண்ணா


மார்ச் 24

அண்ணா,

மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். எங்கள் அறையில் ஒரு பாடம் உண்டு. ஆள் மாறியும் ஒரு புள்ளி அதே இடத்தில் வந்தால் அது நோய் இல்லை, தட்டில் ஒட்டிய தூசி. ரோவர் அனுப்பிய மூலப் படங்களை எடுத்துப் பார்த்தேன். உங்கள் திட்டு ஒவ்வொன்றும் படத்தின் அதே வலது மேல் மூலையில் இருக்கிறது. லென்ஸில் தூசி, அண்ணா. படங்களை வரிசையாக ஒட்டியதால் திட்டும் வரிசையாக வந்திருக்கிறது. அப்புறம் காற்றில் தூசி போயிருக்கும், அதனால்தான் மற்றப் படங்களில் இல்லை.

மேடையில் வேறு யாரோ சொல்வதைவிட நான் சொல்வது மேல் என்று பட்டது.

தங்கச்சி


மார்ச் 30

அம்மையாருக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் கோளாறாகத்தான் தெரியும் போலிருக்கிறது. நன்றி.

சர்வேயர்


ஏப்ரல் 8

தங்கச்சி,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். எழுதிய கைக்கு வெட்கமாக இருக்கிறது.

மேடை ஏறும் வரை பழைய பேச்சுதான் சட்டைப் பையில் இருந்தது. முன் வரிசையில் மகள், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவளை வைத்துக்கொண்டு தெரிந்தே ஒரு தப்பைச் சொல்ல நாக்கு எழவில்லை. "ஊற்று இல்லீங்க, கண்ணாடியில தூசி. கண்டுபிடிச்சது நானில்ல, ஒரு எக்ஸ்ரே அம்மா" என்றேன். மூலப் படங்கள் மூன்றையும் திரையில் போட்டேன். சிரித்தார்கள். போதுமென்று இறங்கப் போனேன்.

மகள் கை தூக்கினாள். "அப்பா, மொத ரெண்டும் ஒரே எடத்துல இருக்கு. மூணாவது கொஞ்சம் கீழ இருக்கே. தூசி எறங்கி நடக்குமா?"

திரும்பித் திரையைப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. அளந்தே பிழைக்கிறவன் அளக்காமல் விட்டிருக்கிறேன். வீடு வரும் வரை அவள் அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தாள். மூன்றாவதை நீங்கள் பார்த்தீர்களா?

அண்ணா


ஏப்ரல் 19

பஸ் ஓட்டும் மருமகளுக்கு,

கேள்வி உன்னுடையது. அதனால் பதிலையும் உன் பெயருக்கே அனுப்புகிறேன்.

நான் மூன்றாவதைப் பார்க்கவே இல்லை அம்மா. இரண்டைப் பார்த்ததும் மூன்றாவதும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆஸ்பத்திரியில் இப்படிச் செய்திருந்தால் ஒருவர் உயிர் போயிருக்கும். பிறகு ரோவர் வேறு வேறு நாளில், வேறு கோணத்தில் அதே சுவரை எடுத்த ஐந்து படங்களைத் தேடிப் பிடித்தேன். தூசி என்றால் லென்ஸோடு போகும். இது போகவில்லை. ஐந்திலும் அதே பாறை வெடிப்புக்குக் கீழேயே நிற்கிறது.

மூன்றாவது திட்டு சுவரில்தான் இருக்கிறது. உப்பா, வெளுத்த பாறையா, எனக்குத் தெரியாது. குழுவில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

ஐந்து படங்களும் உள்ளே இருக்கின்றன. அப்பாவிடம் கொடு. என்ன என்று கேட்பார், உடனே சொல்லிவிடாதே. இரண்டு பேரும் உட்கார்ந்து முதலில் அளந்து பாருங்கள்.

பிரியத்துடன்,
எக்ஸ்ரே அத்தை