பையோடு நட்ட நந்தியாவட்டை

இன்று காலை பெரிய மார்க்கெட்டில் உங்கள் பையைப் பார்த்தேன்.

உங்கள் பை என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். சரி, உங்களை ஏமாற்றியவர்களின் பை. சங்கரா மீன் வாங்கிவிட்டு ஒயர் கூடையை நீட்டினேன். மீன்காரப் பெண் கடைக்குப் புதுசு. என் கூடையைக் கவனிக்காமல் ஒரு பச்சைப் பையில் மீனைக் கொட்டி, முடிச்சுப் போட்டு முன்னால் வைத்தாள். அதே இளம்பச்சை. அதே ஒற்றை இலை. இலைக்குக் கீழே அதே வரி: ‘நான் மண்ணோடு மண்ணாவேன்.’

“மக்குற பைதான்க்கா, பயப்படாம எடுத்துக்கோங்க. இலை படம் போட்டிருக்கான் பாருங்க” என்றாள்.

பின்னாலிருந்து மூட்டை தூக்குபவர் “வழி, வழி” என்று இடித்துக்கொண்டு போனார். நான் நகரவில்லை. “ஏங்க்கா அழுவுறீங்க, மீனு நல்ல மீனுக்கா” என்று அந்தப் பெண் பயந்துவிட்டாள். மீனைக் கூடைக்கு மாற்றிக்கொண்டு பையை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். இப்போது வீட்டில் இருக்கிறேன். மீன் கழுவாமல் கிடக்கிறது. மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் சட்டியை வழித்துச் சாப்பிட ஆள் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

அச்சில் இருப்பதையெல்லாம் நம்பும் மனிதரைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளியவள் நான். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்தால் பற்பசை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பீர்கள். சோப்பு உறையில் வேப்பிலை போட்டிருந்தால் சோப்புக்குள்ளும் வேப்பிலை இருந்தாக வேண்டும் உங்களுக்கு. பாத்திரம் விளக்கும் திரவத்தில் ‘பூமியின் தோழன்’ என்று இருந்ததற்காக, கையெல்லாம் எரிகிறது என்று நான் கத்தியும் அதையே வாங்கி வந்தீர்கள். “படம் போட்டா வேப்பமரம் ஆயிடுமா?” என்று கேட்டால், “சும்மாவா போடுவான்? அச்சடிச்சுல்ல குடுத்திருக்கான்” என்பீர்கள். நீங்கள் பொய் எழுத மாட்டீர்கள். அதனால் யாரும் எழுத மாட்டார்கள் என்று நினைத்துவிட்டீர்கள். உங்களிடம் இருந்த ஒரே முட்டாள்தனம் அதுதான், அதற்காகத்தான் உங்களை எனக்கு அவ்வளவு பிடித்தது.

பிள்ளைச்சாவடி சாலையோரம் நாம் செடிக்கடை போட்டபோது எல்லாக் கடையையும் போல நம்முடையதிலும் கறுப்பு பிளாஸ்டிக் பைகள்தான். செடி வாங்குபவரிடம் ஒவ்வொரு முறையும் சொல்வீர்கள்: “பைய கிழிச்சிட்டு நடுங்க, வேர் வெளிய போவணும்.” கிழித்த பைகளைச் சாலையோரமே போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. காற்று அவற்றைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனது. பக்கத்துக் குப்பத்தில் இருந்த ஏழுமலை ஒருநாள் வலையோடு கடை வாசலில் வந்து நின்றான். வலைக்கண்ணில் நம் கறுப்புப் பைகள் சிக்கியிருந்தன. அவன் கோபப்படவில்லை, சிரித்தான்.

“அண்ணே, உன் தோட்டம் பூரா எங்க வலையிலதான் வருது. மீனுதான் வர மாட்டேங்குது.”

அன்று நீங்கள் சாப்பிடவில்லை. அவன் விளையாட்டாகச் சொன்னதைப் பல நாள் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மோட்டார் சைக்கிளில் அந்தப் பச்சைப் பை விற்பவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் வழவழப்பான தாள், தாளில் முத்திரை. “பையோடயே நட்டுடலாம் சார். ரெண்டு மழை பேஞ்சா பை இருந்த இடமே தெரியாது” என்றார். விலை கறுப்புப் பையைவிடக் கூடுதல். நான் முறைத்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த வழவழப்பான தாளை ஒரு எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு கடை முன்னால் பலகை வைத்தீர்கள்: ‘பையோடு நடுங்கள். வேரும் நோகாது, கடலும் நோகாது.’ உங்கள் கையெழுத்தில், பச்சைப் பெயிண்டில். கல்யாணங்களில் தாம்பூலப் பைக்குப் பதிலாக மரக்கன்று கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் பரவிக்கொண்டிருந்தது. நம் கடையின் பச்சைப் பைதான் மணமேடைப் பக்கத்தில் அடுக்க அழகாக இருந்தது என்று தேடி வந்தார்கள். புதுநன்மை நாளில் முதல் நற்கருணை வாங்கிய பிள்ளைகளுக்குக் கொடுக்க மாதா கோயிலிலிருந்தும் கேட்டார்கள். ஒவ்வொரு கன்றையும் நீங்களே கையில் எடுத்துக் கொடுத்து, “பைய எடுக்காதீங்க, அப்படியே வச்சிடுங்க” என்றீர்கள். முதல் இரண்டு நந்தியாவட்டைக் கன்றுகளை ஏழுமலைக்குத்தான் கொடுத்தீர்கள், காசு வாங்காமல். “இனிமே நம்ம கையால உன் கடலுக்கு ஒண்ணும் வராதுடா” என்று சொன்னபோது உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷம் நம் கல்யாணப் படத்தில்கூட இல்லை. நானே அன்று நம்பிவிட்டேன்.

முத்தியால்பேட்டை மதாமை நினைவிருக்கிறதா? கணவரின் பிரெஞ்சுப் பென்ஷனில் தனியாக இருந்தவர், பழைய நாள் பழக்கத்தில் உங்களை ‘மெசியே’ என்று பிரெஞ்சில் மரியாதையாகக் கூப்பிடுபவர். அவர்தான் முதலில் போன் செய்தார். “மெசியே, உங்க எலுமிச்சை செத்துப்போச்சு. ஆனா பை நல்லாயிருக்கு. வந்து எடுத்துக்கிறீங்களா?” கிண்டல் என்று நினைத்துப் போனீர்கள். நானும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஒரு வருஷத்துக்கும் மேலாக மண்ணுக்குள் இருந்த கன்றை நீங்கள் தோண்டி எடுத்தபோது பை அப்படியே வந்தது. கிழிசல்கூட இல்லை. மண்ணைத் தட்டினால் இலைப் படம் பளிச்சென்று இருந்தது. உள்ளே வேர்கள் வெளியேற வழியில்லாமல் சும்மாடு போலச் சுற்றிச் சுற்றி, தன்னைத் தானே நெரித்துக்கொண்டு கிடந்தன. நீங்கள் அந்த ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். மதாம் உள்ளே போய் உங்களுக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்.

கம்பெனிக்குப் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். பேசியது ஒரு பெண், மரியாதையாகத்தான் பேசினாள். அந்தப் பை அதற்கென்று இருக்கும் ஆலையில், பெரிய சூட்டில் வைத்தால்தான் மக்குமாம். பையின் அடிமடிப்பில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருக்கிறதாம். எடுத்துப் பார்த்தோம். இருந்தது. என் கண்ணாடியைப் போட்டும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிந்தது. “ஏம்மா, நம்ம ஊர்ல எந்த வூட்டுத் தோட்டம்மா அவ்ளோ கொதிக்குது?” என்று கேட்டீர்கள். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். உங்களிடம் பை விற்றவரின் எண் அதன்பிறகு கிடைக்கவே இல்லை.

பலகையை அன்றே கழற்றினீர்கள். மறுநாளிலிருந்து மடக்குக் கத்தியும் களைக்கொத்துமாக வீடு வீடாகப் போக ஆரம்பித்தீர்கள். யாருக்கு என்ன செடி கொடுத்தோம் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் இருந்தது. லாசுப்பேட்டை மாதுளை, சாரத்துக் கொய்யா, கோயில் பிள்ளைகளின் வேப்பங்கன்றுகள். கதவைத் தட்டி, “நான் தப்பா சொல்லிட்டேங்க, பைய வெட்டி விட்டுடுறேன்” என்று நிற்பீர்கள். சிலர் காபி கொடுத்தார்கள். சிலர், ஏதோ விற்க வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். “ஊரையே ஏமாத்திட்டு இப்ப நல்லவன் வேஷமா?” என்று ஒருவர் கேட்டதை மட்டும் நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. நான் வண்டியின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ‘ஏமாந்ததே எங்க வூட்டுக்காரருதான்’ என்று கத்த வேண்டும் போலிருந்தது. நீங்கள் அந்த மனிதரின் வீட்டு மருதாணிக்குக் குனிந்து பையை வெட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அப்போதெல்லாம் குனிந்து எழும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்வீர்கள். கேட்டால் வாயு என்பீர்கள். இதற்காக உங்களை நான் மன்னிக்கவில்லை, தெரிந்துகொள்ளுங்கள். அத்தனை வீட்டுச் செடியின் வேரையும் பிரித்துப் பார்த்த மனிதர், ஒரு காலைப் பொழுது கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த வயிற்றைக் காட்டியிருக்கலாம். கடைசியில் நாம் பஸ் ஏறிப் போனபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

வார்டில் படுத்துக்கொண்டு நீங்கள் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தது வீடுகளோடுதான். கிட்டத்தட்ட எல்லாம் போயாகிவிட்டது, ஒரு வீடு பாக்கி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னீர்கள்.

“ஏழுமலகிட்ட மட்டும் நான் சொல்லல. அவனுக்காகத்தான் மாத்துனேன். அவன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?”

“ஒடம்பு தேறி வந்து சொல்லுங்க” என்றேன்.

“நீ சொல்லிடுறியா?”

சொல்கிறேன் என்றேன். சொல்லாமல் நாளைக் கடத்தினேன். ஏழுமலை பழங்களோடு இரண்டு முறை உங்களைப் பார்க்க வந்தான். இரண்டு முறையும் அவன் போகும்வரை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தீர்கள். அவன் உங்கள் காலைத் தொட்டுவிட்டுப் போனான்.

கல்லறைக்குச் சிமெண்ட் வேண்டாம், வெறும் மண்ணாக இருக்கட்டும் என்று கேட்டிருந்தீர்கள். அப்படியே விட்டேன். அடக்கம் முடிந்து சில வாரம் கழித்துப் போனபோது தலைமாட்டில், சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு நந்தியாவட்டைக் கன்று நட்டிருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. உங்களுக்குத்தான் ஊரெல்லாம் ஆள் உண்டே என்று நினைத்துக்கொண்டு, போகும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றினேன். முதலில் இரண்டு பூ விட்டது. பிறகு இலை மஞ்சளாகிக்கொண்டே வந்தது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன்.

இந்த மாதம் கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள், புல் செதுக்கப் போனேன். ஏழுமலை எனக்கு முன்பே வந்து செதுக்கிக்கொண்டிருந்தான். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. அவன் அந்த மஞ்சள் செடியைக் காட்டினான்.

“நான் வச்சதுதான் அண்ணி. அண்ணன் குடுத்த ரெண்டுல ஒண்ணு. வூட்டாண்ட எடமில்லாம கொழாய் பக்கத்துலயே வச்சிருந்தேன். அண்ணன் சொன்ன மாதிரியே பையோட இங்க கொண்டாந்து வச்சேன். ஏன் இப்படி வாடுதுன்னு தெரியல.”

களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி நீங்கள் திரும்ப வாங்கிக்கொண்ட அந்த வார்த்தை, கடைசியில் உங்கள் தலைமாட்டிலேயே வந்து நின்றிருந்தது. உங்கள் மேல் இருந்த பிரியத்தில் ஒருவன் அதை அட்சரம் பிசகாமல் செய்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏழுமல, அந்தப் பை மக்காதுப்பா.”

“அண்ணன்தான சொன்னாரு?”

“அண்ணனுக்கு வித்தவன் சொன்னது. அது பொய்யின்னு தெரிஞ்சப்புறம் ஊர் பூரா போயி வெட்டி விட்டாரு. உன்கிட்டச் சொல்லத்தான் அவருக்கு வாய் வரல. ஆசுபத்திரில நீ வந்தப்ப அவரு தூங்கல.”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“பச்சப் பையும் வலையில வந்துது அண்ணி. அண்ணன் உசுரோட இருக்கும்போதே வந்துது. இலை படத்தோட, புதுசு மாதிரி. எனக்காகத்தான மாத்துனாரு, அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு கழட்டி ஓரமாப் போட்டுட்டேன். தண்ணியில மக்காது போல, மண்ணுல போனா மக்கிடும்னு நானே சொல்லிக்கிட்டேன்.”

உங்கள் இருவரையும் நினைத்து நான் அழுதது அப்போதுதான். ஒருவர் மனசு நோகும் என்று மற்றவர் மூடி வைத்தீர்கள். அந்தப் பொய்யை அச்சடித்தவனுக்கு ஒரு நிமிஷம்கூடத் தூக்கம் கெட்டிருக்காது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தீர்கள், அவன் காலைத் தொட்டுவிட்டுப் போனான். ஒரு வார்த்தை பேசியிருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பீர்கள். அவன்தான் முதலில் சிரித்திருப்பான்.

உங்கள் மடக்குக் கத்தி என் கைப்பையில்தான் இருந்தது. ஏழுமலை கன்றை வேரோடு பெயர்த்துப் பிடித்துக்கொண்டான். நான் பையை மேலிருந்து கீழாக வெட்டினேன். எனக்கு உங்கள் கை வராது, பையோடு சேர்ந்து வேர் இரண்டும் அறுபட்டன. நெருக்கிச் சுற்றியிருந்த மற்ற வேர்களை விரலால் பிரித்து விட்டோம். உங்கள் மண்ணிலேயே திரும்ப வைத்தோம். பையை உதறிக் கையில் வைத்துக்கொண்டு, “இத என்னா பண்றது அண்ணி?” என்று கேட்டான். பிறகு அவனே மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

செடி பிழைக்குமா என்று தெரியாது. ரொம்பத் தாமதம் என்றுதான் தோன்றுகிறது. நேற்றுப் போனபோது கீழ் இலைகள் எல்லாம் உதிர்ந்து கிடந்தன. நுனியை நகத்தால் கீறிப் பார்த்தேன், பச்சை இருந்தது, மிகக் கொஞ்சம். அதை வைத்துக்கொண்டு நம்பிக்கை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

நாளை மார்க்கெட்டுக்குப் போய் அந்த மீன்காரப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். இன்று அழுததில் அவளுக்கு விவரம் சொல்ல விட்டுப்போயிற்று. கத்தியை இன்னும் கைப்பையில்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் போய் முடித்ததுபோக, நமக்குத் தெரியாமல் கைமாறிப் போன கல்யாணக் கன்றுகள் எவ்வளவோ இருக்கும். எந்தத் தெருவில் நடந்தாலும் கண் முதலில் செடிக்குத்தான் போகிறது. வாடிய கன்று தென்பட்டால் கதவைத் தட்டி, “பையோட நட்டீங்களா?” என்று கேட்கிறேன். யாரும்மா நீங்க என்கிறார்கள். “எங்க வூட்டுக்காரரு பாத்துட்டு வரச் சொன்னாரு” என்கிறேன். உடனே உள்ளே விடுகிறார்கள். அவர் ஏன் வரவில்லை என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.