லென்ஸுக்குப் பொட்டு வைத்த சகலை

அன்புள்ள சகலைக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் முடிந்து, வருஷத் திதியும் கொடுத்தாயிற்று. உங்களிடம் சொல்லவேண்டிய சேதிகள் நிறைய சேர்ந்துவிட்டன. அதில் முதல் சேதியைச் சொல்ல நாக்கு வரமாட்டேன் என்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். லென்ஸ் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி.

இதை நீங்கள் இருக்கும்போது சொல்லியிருந்தால் அன்றைக்கே உங்கள் மடவார் வளாகம் தெரு முழுக்கப் போஸ்டர் அடித்து ஒட்டியிருப்பீர்கள். அந்தப் பயத்திலேயே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருந்தவர். நான் ராஜபாளையத்தில் நூல் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். வயதில் உங்களைவிட நான் இரண்டு வருடம் பெரியவன். ஆனால் நீங்கள் கட்டியது அக்காவை, அதாவது என் மதினியை. நான் கட்டியது தங்கையை. அதனால் வன்னியம்பட்டி மாமனார் வீட்டில் முதல் இலை உங்களுக்கு, அடுத்த இலை எனக்கு. இருபது வருடமாக இந்த ஒரு இலை வித்தியாசம் எனக்குச் செரிக்கவே இல்லை.

எனக்கு நட்சத்திரப் படக் கிறுக்கு பிடித்தது ஐந்து வருடத்துக்கு முன்னால். பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு உங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தேன். அதனோடு வந்த சின்ன லென்ஸைப் பார்த்தாலே எனக்கு இளக்காரம்.

“இத வச்சே ஆரம்பிங்க சகலை,” என்றீர்கள். “பதினெட்டு மில்லியில வச்சு, லென்ஸ் துவாரத்த முழுசாத் தெறந்து, பதினஞ்சு செகண்டு விடுங்க. பொறவு ஆச இருந்தா அம்பது மில்லி ஒண்ணு வாங்குங்க. உள்ளதுலயே வெல கொறஞ்சது அதுதான். வாய் பெருசு, வெளிச்சத்த அள்ளிக் குடிக்கும்.”

“நட்சத்திரம் எம்புட்டு தூரத்துல கெடக்கு! எட்டடியில நிக்கிற மாப்பிள்ளைய எடுக்கவே நீங்க மொழ நீளத்துக்கு மாட்டுதீக. எனக்கு மட்டும் குட்டி லென்சா?”

“தூரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. வெளிச்சம் எம்புட்டு உள்ள வருதுங்கிறதுதான் கணக்கு. நீளம் கூடக்கூட பூமி சுத்துறது படத்துல தெரிஞ்சிரும். அம்பதுக்கு ஆறு செகண்டு தாங்கும். முந்நூறுக்கு ஒரு செகண்டுதான். அதுக்குமேல விட்டா புள்ளி கோடாயிரும்.” மூச்சு விடாமல் இதையும் சொன்னீர்கள்: “இருட்டுல ஆட்டோ ஃபோகஸ் தடவிக்கிட்டு நிக்கும். அதுக்கு ஏன் தண்டமா துட்டு குடுக்கணும்? கையால திருகுற பழைய லென்ஸ் போதும். டார்ச் அடிச்சு உள்ள பூஞ்சை இருக்கான்னு மட்டும் பாத்து வாங்குங்க.”

எல்லாம் எனக்குக் கேட்டது. ஆனால் உள்ளே போனது ஒன்றுதான்: மூத்த சகலைக்குப் பெரிய லென்ஸ், இளைய சகலைக்குச் சின்ன லென்ஸ். மூன்று வருடத்துக்குமேல் இதையே போனில் வாதாடினேன். கடைசியில் உங்களிடம் சொல்லாமல் மதுரைக்குப் போய் முந்நூறு மில்லி ஜூம் ஒன்றை வாங்கிவந்தேன். நீட்டினால் சுரைக்காய் அளவு இருந்தது. எனக்கு அத்தனை பெருமை.

அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. எங்கள் மில்லில் பெரிய மெஷினில் தொடங்கி சைக்கிள் பம்பு வரை பொட்டு வைக்காமல் விடமாட்டோம். அந்தக் கை அப்படியே வீட்டுக்கு வந்தது. லென்ஸை மணைமேல் நிறுத்தி, சந்தனம் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே வைப்பது? மெஷினுக்கு முன்பக்கம்தானே வைப்போம். லென்ஸுக்கு முன்பக்கம் என்றால் கண்ணாடி. நடுக் கண்ணாடியில் தாராளமாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். மறுநாள் வேட்டி நுனியால் நன்றாகத் துடைத்துப் பைக்குள் வைத்தேன். சுத்தமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் விடியுமுன் வன்னியம்பட்டி வயலுக்குப் போனேன். மோட்டார் ரூம் பக்கத்தில் கேமராவை நிறுத்தி இருபது செகண்டு விட்டேன். நட்சத்திரமெல்லாம் சேமியா மாதிரி நீளநீளமாக விழுந்தது. ஒவ்வொரு சேமியாவைச் சுற்றியும் சாமி படத்தில் இருப்பதுபோல ஒளிவட்டம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

மறுநாள் தீபாவளிப் பந்தியில் அந்தப் படத்தை உங்களிடம் நீட்டினேன். நீங்கள் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தீர்கள். அந்த ஒளிவட்டத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். பிறகு மெல்லக் கேட்டீர்கள்.

“சகலை, லென்ஸுக்குப் பொட்டு வச்சீகளா?”

எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நான் என் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடினாள். பாயசம் ஊற்ற வந்த மாமியார் கரண்டியோடு நின்று, “வைக்கிறதுதான் வச்சாரு, நெத்தியில வைக்காம கண்ணுல வச்சிட்டாரே!” என்றார். பந்தியே குலுங்கியது. நீங்கள் சிரித்த சிரிப்பில் உங்களுக்குப் புரை ஏறி, தலையில் தட்டவேண்டியதாகிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். கார்த்திகையில் போன கல்யாண வீடுகளிலெல்லாம் அந்தக் கதையைச் சொன்னீர்கள். மில் வாசலில் டீக்கடைக்காரர் என்னிடம், “அண்ணாச்சி, டீக்குப் பொட்டு வச்சுத் தரவா?” என்று கேட்டார். அன்றோடு உங்கள் போனை எடுப்பதை நிறுத்தினேன்.

இப்போது ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அமாவாசையை ஒட்டிக் கல்யாணம் வைக்கமாட்டார்கள். வானம் நன்றாக இருட்டிக் கிடக்கும் நாள்தான் உங்களுக்கு ஓய்வு நாள். வருடத்தில் பன்னிரண்டு நாள் நமக்கென்றே ஒதுக்கி வைத்தது மாதிரி. எந்த லென்ஸ் என்று சண்டை போட்டே ஒரு நாள்கூடச் சேர்ந்து போகவில்லை. நான் பேசாமல் இருந்தபோதும் மாதம் தவறாமல் கூப்பிட்டீர்கள். கார்த்திகை, மார்கழி, தை, மாசி. “சகலை, நாளைக்கு அமாவாசை. கேமராவத் தூக்கிட்டு வாங்க,” என்று வாய்ஸ் மெசேஜ் வேறு.

மாசி அமாவாசை கழிந்து ஐந்தாம் நாள், நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாக உங்கள் எண்ணிலிருந்தே போன் வந்தது. பேசியது மதினி. ஏதோ தோன்றி அந்தப் போனை மட்டும் எடுத்தேன். அதற்கு முந்தின நாலையும் எடுத்திருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும், சகலை?

திதிக்கு எல்லாரும் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தோம். மாமனார் முதல் இலையில் என்னை உட்காரச் சொன்னார். எத்தனை வருடம் ஆசைப்பட்ட இலை! ஒரு வாய் இறங்கவில்லை. மதினி இந்த ஒரு வருடமாகவே கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறார். அந்த அமைதி தாங்காமல் நானே ஆரம்பித்தேன்: “போன வருசத்துக்கு முந்தின ஆயுத பூஜைக்கு நான் ஒரு லென்ஸ மணையில ஏத்தி உக்கார வச்சேன்...”

உங்களைப்போல எனக்குச் சொல்ல வரவில்லை. நடுவில் ரெண்டு தடவை குழம்பினேன். மாமியார்தான் எடுத்துக் கொடுத்தார். “லென்ஸுக்குப் பொட்டு வச்சீகளா” என்று உங்கள் குரலில் கேட்டபோது, வாசல்படியில் நின்ற மதினி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு உள்ளே போய் உங்கள் கேமராப் பையைக் கொண்டுவந்து வைத்தார். “எது வேணுமோ எடுத்துக்கோங்க. எனக்கு ஒரு நா அந்த வானத்தக் காட்டணும்.”

நான் வழக்கம்போல உள்ளதிலேயே பருமனான லென்ஸில் கை வைத்தேன். “அது மாப்பிள்ள அழைப்புக்கு,” என்று என் கையைத் தட்டிவிட்டு, அடியிலிருந்து அந்த ஐம்பது மில்லியை எடுத்தார். ஒரு சாத்துக்குடி கனம்தான் இருக்கும்.

பங்குனி அமாவாசைக்கு, விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது வன்னியம்பட்டி வயலில் நின்றோம். நான், மதினி, என் பெண்டாட்டி. நான் பத்து செகண்டு வைத்தேன்.

“ஆறு,” என்றார் மதினி. “துவாரத்த ரெண்டு புள்ளி எட்டுக்குக் கொஞ்சம் மூடுங்க. இல்லேன்னா ஓரத்துல நட்சத்திரத்துக்கு றெக்கை மொளைக்கும். டைமர் போடுங்க, கையால அமுக்குனா ஆடும்.”

“மதினி, இதெல்லாம் எங்க படிச்சீக?”

“படிக்கவா? நீங்க ரெண்டு பேரும் போன்ல சண்ட போட்டது பூராவும் ஸ்பீக்கர்லதான. மாவு அரைச்சுக்கிட்டே கேப்பேன். நீங்கதான் ஒண்ணையும் கேக்கல.”

முதல் படம் எடுக்கும்போது என் பெண்டாட்டி பாம்பு என்று டார்ச் அடித்தாள். அது சொட்டுநீர்க் குழாய். இரண்டாவது படத்தை மதினியே எடுத்தார். தெற்கே தேள் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு முழுசாக விழுந்திருந்தது. ஒவ்வொன்றும் கடுகுபோலப் புள்ளி. சேமியா இல்லை, ஒளிவட்டம் இல்லை. நடுவில் ஒன்று மட்டும் சிவப்பு.

“இது என்ன இம்புட்டு செவப்பா இருக்கு?”

“அதுதான் மதினி, கேட்டை.”

அவர் கேமராவை இரண்டு கையாலும் பிடித்து முகத்தருகே கொண்டுபோனார். “கேட்டையா? அவிய நட்சத்திரம்லா. இருபது வருசமா எந்தக் கோயிலுக்குப் போனாலும் அர்ச்சனைக்கு இந்தப் பேரச் சொல்லுதேன். இன்னைக்குத்தான் பாக்கேன்.”

அதற்குப்பிறகு யாரும் படம் எடுக்கவில்லை. வெளுக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றோம்.

சகலை, உங்களிடம் மன்னிப்புக் கேட்டால் அதையும் கல்யாண வீட்டில் சொல்லிச் சிரிப்பீர்கள். பரவாயில்லை, கேட்கிறேன், மன்னித்துவிடுங்கள். ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன்: இனி யார்மேல் கோபம் வந்தாலும், அதை அடுத்த அமாவாசைக்குமேல் வைத்திருக்கமாட்டேன்.

என்றும் உங்கள்
இளைய சகலை,
ராஜபாளையம்